பொதிக்குதிரைப் பாலத்தில் சப்பணம்

முழங்கால் உயரத்தில் ஒரு சுவரைக் கண்டுவிட்டால் என்னால் நிற்க முடியாது. ஆரல்வாய்மொழியில் வாய்க்கால் பாலத்துச் சுவரில் சப்பணம் போட்டு வளர்ந்த உடம்பு. (நாற்காலியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.)

மனைவி ஜாஸ்மினுக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, நான் என் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் விமானம் ஏறினேன். அஞ்சுகிராமத்தில் மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. எட்டு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீடியோ காலில் என் முகம் தெரிந்தால் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். போனை வைத்ததும் ஜாஸ்மின் அழுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஊரில் பொதிக்குதிரைகளுக்காக எந்தக் காலத்திலோ கட்டிய கல்பாலம் ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். குதிரையின் இருபக்கமும் தொங்கும் மூட்டை தட்டக் கூடாதென்று பக்கச்சுவரை முழங்கால் உயரத்தோடு நிறுத்தியிருந்தார்கள். எனக்கென்றே கட்டியது மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பாலத்தைக் காட்ட ஜாஸ்மின் வீடியோ கால் போட்டாள். கௌரவமாகத் தெரியட்டும் என்று நான் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தேன்.

“இன்னா பாருங்கப்பா, அவியளும் இருக்காவ.”

மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். நான் சுவரில் உட்கார்ந்து, ஊர்ப் பழக்கத்தில் இரண்டு காலையும் தூக்கிச் சப்பணம் போட்டேன். (எங்கள் ஊர்ச் சுவர் அகலம். குதிரைச் சுவர் அப்படியில்லை. போதாததற்குப் பாசி வேறு.) கோட்டோடு மல்லாக்க ஓடைக்குள் போனேன். இரண்டு வாத்துகள் ஒதுங்கி இடம் விட்டன.

மேலே போனிலிருந்து ஓர் அலறல்.

“ஏட்டி, போனைத் தூரப் போட்டுட்டு அவனைப் பிடிட்டி! மக்கா, அடி வல்லதும் பட்டுதா? ஏலே, வாயைத் திறந்து பேசுடே!”

மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பறந்துபோயிருந்தது. எட்டு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. முழங்கால் அளவுத் தண்ணீரில் பல் தந்தியடிக்க, “ஒண்ணுமில்ல மாமா, சொகமா இருக்கேன்” என்றேன். ஜாஸ்மின் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், முகம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் விடுமுறைக்கு அஞ்சுகிராமம் வந்தோம். சாயங்காலம் வீட்டுக்கு எதிரே வாய்க்கால் சுவரில் சப்பணம் போட்டேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வெள்ளைக்காரன் பாலத்துல மல்லாக்க விழுந்தவருல்லா எங்க மாப்பிள்ளை!” என்று தெருவில் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கும்போதும் அவருடைய இடது கை என் சட்டையைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தது. காப்பி குடிக்க நான் எழுந்த பிறகுதான் விட்டார்.