முதலில் வளவு, பிறகு தேத்தண்ணி

தேத்தண்ணி கொடுப்பதற்கு முன் வீட்டைச் சுற்றியுள்ள வளவைக் காட்டுகிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருக்கலாம், செத்த வீட்டுக்குச் சொல்ல வந்திருக்கலாம், செருப்பு வார் அறுந்து காலை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம், உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கலாம். அதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. படலை திறந்த சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ மண் கையோடு வந்து உங்கள் முழங்கையைப் பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார்.

"தேத்தண்ணி எங்க ஓடப்போகுது? முதல்ல வளவைப் பாத்திட்டு வருவம்."

எங்கள் உப்புவெளியில் இந்த இனத்தின் தலைசிறந்த உதாரணம் இரத்தினசிங்கம் அண்ணை. திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல்களைக் கயிற்றால் கட்டியவர். ஓய்வு பெற்றதும் கட்டுவதற்குக் கப்பல் இல்லை. வீட்டைச் சுற்றி இரண்டு பரப்பு மணல் இருந்தது. பிடித்துக்கொண்டார்.

நான் அவரிடம் போனது எங்கள் ஒழுங்கைக்குத் தெரு விளக்குக் கேட்டு எழுதிய மனுவில் ஒரு கையெழுத்து வாங்க. ஒரேயொரு கையெழுத்து. முதல் நாள் இரண்டு மணித்தியாலம் வளவைச் சுற்றினேன். மனு சட்டைப்பையிலேயே வியர்வையில் நனைந்தது.

வளவு காட்டுகிறவர் வளவை மட்டும் காட்டுவார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. வளவு முன்பு எவ்வளவு கேடுகெட்டுக் கிடந்தது என்பதைத்தான் முதலில் காட்டுவார். அதற்காகவே கைபேசியில் வெறும் மணலின் படம் நாற்பதுக்கு மேல் வைத்திருக்கிறார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றில் மட்டும் ஒரு நாய் படுத்திருக்கிறது.

"ஏழு வருஷத்துக்கு முதல் நீங்கள் வந்து பாத்திருக்கோணும், தம்பி!"

ஏழு வருடத்துக்கு முன் அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. அதைச் சொன்னால் கேட்பாரா?

முதலாம் வருடம் இருபத்தெட்டுக் கன்று நட்டாராம். கச்சான் காற்றும் உவரும் சேர்ந்து இருபத்தெட்டையும் முடித்தன, நடாத எருக்கலை மட்டும் தளதளவென்று வந்தது. இரண்டாம் வருடம் டிராக்டர் டிராக்டராகக் குளத்து வண்டல் பறித்தார். வண்டலோடு வந்த கோரைப்புல்லைப் பிடுங்கவே மூன்றாம் வருடம் போயிற்று. நாலாம் வருடம் கரையில் ஒதுங்கிய சாதாளை என்கிற கடற்பாசியை நல்ல பசளை என்று யாரோ சொல்ல, உப்புக் கழுவாமல் அப்படியே மரங்களின் அடியில் போட்டு, கத்தரி, வெண்டி, பயற்றை எல்லாவற்றையும் உயிரோடு ஊறுகாய் போட்டார். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறார். தோற்ற கதையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசியில் வென்றது தண்ணீர். கிணற்றில் உவர்த் தண்ணீர்; குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் நல்ல தண்ணீர். அந்த நல்ல தண்ணீரைக் குளியலறையில் ஊற்றி வீணாக்குவதா? அண்ணை வீட்டாருக்கு அடியில் நின்று குளிக்க ஆளுக்கொரு மரம் ஒதுக்கினார். சுற்றிவரக் கிடுகு மறைப்பு. அவருக்குத் தென்னை. மனைவி பாக்கியரத்தினம் அக்காவுக்குத் தேசி, எலுமிச்சைதான். மகள் சிவாஜினிக்குக் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று. கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போகும்வரை அந்தப் பிள்ளை நல்ல நாள் பெருநாள் என்று பாராமல், சோதனைக்குப் போகிற காலையிலும், அந்த மாமரத்தடியிலேதான் வாளியோடு நின்று குளித்தாள்.

இனி, இவ்வளவு பாடுபட்டு வளர்த்த வளவிலிருந்து வீட்டுக்கு என்ன வரும்? ஒன்றும் வராது. கறிவேப்பிலை ஆளுயரம் நிற்கிறது. அக்கா சந்தையில் கறிவேப்பிலை வாங்குகிறார். தேசி காய்த்துக் குலுங்குகிறது. அக்கா தேசிக்காயும் வாங்குகிறார். கை வைத்தால் போதும், வளவின் எந்த மூலையில் நின்றாலும் அண்ணைக்குத் தெரிந்துவிடும்.

"அதில தொடாதை! அது இப்பதான் பிடிச்சு வருது."

எப்போதும் இப்போதுதான் பிடித்து வரும்.

இந்த வருடம் மாமரம் முதன்முதலாகக் காய்த்தது. பதினொன்று. உப்புவெளி முழுக்கத் தெரியும் பதினொன்று என்று. பஸ்ஸில் கேட்டாலும் சொல்வார்கள். அணிலுக்கும் வௌவாலுக்கும் பயந்து, தன் பழைய காக்கிச் சட்டைகளை வெட்டி அக்காவைக் கொண்டு பை தைப்பித்து, காய்க்கு ஒரு பை போட்டு, ஒவ்வொன்றையும் துறைமுக முடிச்சுப் போட்டுக் கட்டினார். கப்பலையே ஆடவிடாத முடிச்சு. மாங்காய் எங்கே ஆடும்?

அந்த நேரம் பார்த்துச் சிவாஜினி மூன்று மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்தாள். நான் மனுவோடு இரண்டாம் முறை போனபோது அவளைக் கண்டேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கதிரையில் சாய்ந்து கிடந்தாள். சோறு தங்கவில்லை. கஞ்சியும் தங்கவில்லை. கிளினிக்கில் நிறை குறைகிறது என்று ஏசி அனுப்பியிருக்கிறார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, அந்த மரத்தில ஒரு மாங்காய். ஒண்டு காணும்."

"ஏலாது பிள்ளை, கொஞ்சம் பொறு. பழுக்கட்டும். பழுத்தா எல்லாம் உனக்குத்தானே!"

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் இரண்டு கிலோ மாங்காய் வாங்கிவந்தார். அவள் ஒன்றை மணந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள். அக்கா பொங்கிவிட்டார்.

"வாறவனுக்குப் போறவனுக்குக் காட்டப் பதினொண்டு வேணும். பெத்த பிள்ளையின்ர வயித்துக்கு ஒண்டு குடுக்கேலாது!"

அண்ணை என் பக்கம் திரும்பினார். என் முழங்கையைப் பிடித்தார்.

எனக்கும் கோபம் வந்தது. இப்படியும் ஒரு தகப்பனா? கையெழுத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒழுங்கை இருட்டில் நானே ஒரு மாட்டின்மேல் விழுந்தபோதுதான் மனுவின் நினைவு வந்தது. இந்த முறை புத்தியாகப் பின்பக்கத்தால், நேரே குசினிக்குப் போனேன். அக்காவின் கையெழுத்தையாவது வாங்கலாமே.

குசினியில் சிவாஜினி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் கீறிய பச்சை மாங்காய், உப்பு, மிளகாய்த்தூள். முகத்தில் நல்ல தெளிவு. பக்கத்தில் சோறு தின்ற கோப்பை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. அக்காவின் முன்னால் ஒரு பெட்டி நிறையக் குரும்பட்டி, அதுதான், தென்னையிலிருந்து உதிர்கிற பிஞ்சுக் காய். மாங்காய் அளவாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கண்டதை வெளியில கதைக்காதேங்கோ" என்றார் அக்கா. "அவர் பின்னேரம் கடைக்குப் போற நேரம் பாத்து ஒண்டை எடுத்துப்போட்டு, பைக்குள்ள இதை வைச்சுக் கட்டிவிடுறனான்."

"இது ஏழாவது, மாமா" என்றாள் சிவாஜினி, வாய் நிறைய.

சிரிப்பை அடக்குவதற்குள் முழங்கையில் பிடி விழுந்தது. அண்ணை என்னை வாசற்படியிலேயே பிடித்து மாமரத்தடிக்கு இழுத்துப்போனார். அங்கே ஏற்கனவே ஒருவர் அகப்பட்டு நின்றார்: கிண்ணியாவிலிருந்து மாட்டெரு கொண்டுவந்து கொடுக்கிற அபூதாஹிர் நானா. அவருடைய வான் ரோட்டில் இரைந்துகொண்டு நின்றது.

"பாரத்தைப் பாருங்கோ!" என்றார் அண்ணை.

நானா ஒரு பையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். நல்ல தரமான காய்" என்றார். போய்விட்டார்.

இந்த ஏமாளியை நினைத்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. "உண்மைதான் அண்ணை, நல்ல பாரம்" என்று நானும் ஒரு பைக்குக் கை நீட்டினேன்.

"அதை விடுங்கோ. அது குரும்பட்டி."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் கப்பல் கட்டினவன், தம்பி. என்ர முடிச்சு எனக்குத் தெரியாதோ? இது சீனிப் பையைக் கட்டுற முடிச்சு. முதல் நாளே கண்டிட்டன்."

"அப்ப ஏன் பேசாமல் இருக்கிறியள்? நீங்களே பிடுங்கிக் குடுத்திருக்கலாமே?"

"குடுக்கலாம்தான்." அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பதினொண்டெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே. இப்ப பிள்ளையும் தின்னுது, கணக்கும் சரியாக் கிடக்கு."

அப்போதுதான் கவனித்தேன். மேலே எட்டாத உயரத்தில் இருந்த கிளை ஒன்று, பாக்கியரத்தினம் அக்காவின் கைக்கு எட்டுகிற அளவுக்குத் தாழ்ந்து நின்றது. கிளையிலிருந்து நிலத்து முளைவரை கயிறு. முளையில் துறைமுக முடிச்சு. கிளையில் காக்கிப் பைகள் நாலு, இன்னும் அவிழ்க்கப்படாமல்.

என்ன மனுஷனப்பா இவர் என்று ஏதாவது நல்லதாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படலைச் சத்தம். யாரோ கரண்ட் பில் கொண்டு வந்திருக்கிறான். அண்ணையின் முதுகு நிமிர்ந்தது, கை நீண்டது, ஒரு முழங்கை அகப்பட்டது.

"வாங்கோ, வாங்கோ! பதினொரு காய்! ஏழு வருஷத்துக்கு முதல் நீங்கள் வந்து பாத்திருக்கோணும்!"

கையெழுத்து? அன்றும் கிடைக்கவில்லை. அதனால் ஒன்றுமில்லை, மற்ற வீடுகளில் எண்பத்தாறு வாங்கியிருக்கிறேன். நீலத்திலும் கறுப்பிலும் தமிழிலும் சிங்களத்திலும் அழகாக வரிசையாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். பிரதேச சபையில் எப்போது கொடுக்கப்போகிறாய் என்று என் மனைவி கேட்கிறாள். கொடுத்துவிட்டால் பிறகு என்னிடம் என்ன இருக்கும்? ஒழுங்கை இன்னும் இருட்டுத்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் தேத்தண்ணி காணாத கோப்பைகள் எத்தனை என்று நான் கேட்கவில்லை. வந்தவர்களுக்கு நீங்கள் அடிக்கடி எடுத்துக் காட்டுகிற ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் பைக்குள் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இன்று பின்னேரம் கடைக்குப் போய்த் திரும்பியதும், எதற்கும் அந்த முடிச்சை ஒருதரம் பாருங்கள்.