ஒரு பக்கத்துக்கு மட்டும் நல்ல ஆக்சில்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் நலம். எண்ணிப் பார்த்துத்தான் மூவர் என்று எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனைத் தாங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

தாங்கள் ஆறு வார வேலையாக வெளியூர் கிளம்பும்போது, இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பந்தயக் காரை மகளிடமும், அதற்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலை என்னிடமும் ஒப்படைத்தீர்கள். முப்பத்திரண்டு வருடம் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவன் என்ற நம்பிக்கையில் கொடுத்தீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பிரிவில் நான் கற்றது ஒரே வேலை. மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டியது, குறைந்ததை வாங்க வேண்டியது. குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை அப்படித்தான். ஜெனரேட்டர் விஷயத்தில் விசாரணை நடந்தது, அது இப்போது வேண்டாம். பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எஞ்சினுக்கு நீங்கள் வாரி இறைத்தது சரி, அது உறுமுகிற சாமான். மிச்சமெல்லாம் என்ன? க்ளட்ச், ஷாஃப்ட், ஆக்சில். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகிற வழி. வழிக்கு எதுக்கு இவ்வளவு விலைன்னு கடைக்காரரைக் கேட்டேன். "எஞ்சின் பலம் மொத்தமும் இது வழியாத்தான் சார் போகணும்"னார். போகட்டுமே, யார் வேண்டாம்னா? நான் வேற கடை பார்த்தேன்.

ஷாஃப்டுங்கிறது காருக்கு அடியில, நீளவாக்குல சுத்துற ஒரு இரும்புக் குழாய். நம்ம வீட்டு கேட் பண்ணின வெல்டர் ரெண்டே நாள்ல பண்ணிக் கொடுத்துட்டார். பழக்கதோஷத்துல குழாய் நடுவுல ஒரு பூ வச்சு ஒட்டியிருந்தார். பூ வேண்டாம்னு சொல்லி அறுத்து எடுக்க வச்சேன். அந்த அளவுக்குத் தரம் பார்த்தேங்கிறதை நீங்க மறந்துடக் கூடாது. அடுத்தது ஆக்சில், பின்சக்கரம் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு. நல்லது யானை விலை. மலிவானதைப் பார்த்தா எனக்கே பயமா இருந்துச்சு. அதுல ஒண்ணு, இதுல ஒண்ணு வாங்கினேன், சராசரிக்குச் சரியா வந்துச்சு. நல்லதை ஓட்டும்போது மகள் உட்கார்ற பக்கத்துக்குப் போடச் சொன்னேன், நான் என்ன கல்நெஞ்சக்காரனா? பட்டியல்ல ஒரு வளையமும் இருந்துச்சு. ஷாஃப்ட் உடைஞ்சா அது துள்ளிக்கிட்டு மேல வராம பிடிச்சுக்கிற இரும்பு வளையமாம். உடையறதுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்றது அபசகுனம்னு அதைப் பேனாவால அடிச்சிட்டேன். மாட்டினது நீங்க சொன்ன கராஜ்காரர். "குடுத்ததை மாட்டுறேன் சார், ஓட்டப் போறது நான் இல்லை"ன்னு சொல்லிட்டு எல்லாத்துக்கும் கறுப்புப் பெயின்ட் அடிச்சார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

முதல்ல க்ளட்ச் போச்சு. அது பால் வண்டியில போடறது, மலிவா கிடைச்சுதுன்னு வாங்கியிருந்தேன். வீட்டு வாசல்லயே வெள்ளோட்டம் பார்த்தோம். எஞ்சின் கத்துது, கார் அசையலை, தெரு பூரா கருகல் வாடை, எதிர்வீட்டம்மா ஓடிவந்து எங்க அடுப்பை அணைச்சிட்டுப் போச்சு. மகள் தானே போய் அசல் க்ளட்ச் வாங்கி மாட்டினா. "மத்தது எல்லாம் சரியாத்தானேப்பா வாங்கினீங்க?"ன்னு கேட்டா. "மூணு இடத்துல விசாரிச்சு வாங்கினேம்மா"ன்னேன். அதுல பொய் இல்லை. அவ நல்ல க்ளட்ச் போட்டதாலதான் பலம் முழுசும் பாக்கி சாமானுக்குப் போச்சு, அதனாலதான் அதெல்லாம் உடைஞ்சதுங்கிறது என் தரப்பு நியாயம்.

போன ஞாயித்துக்கிழமை பந்தய லைசன்ஸுக்கான தேர்வு. உங்களுக்குத் தெரியும், ரெண்டு வாய்ப்பு, ஒரு தடவையாவது கால் மைல் நேரா ஓடி முடிச்சா அவளுக்கு லைசன்ஸ், இந்த வருஷம் பூரா ஓட்டலாம். பரிசோதகர் காருக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, "வளையம் எங்கே? வளையம் இல்லாம விட மாட்டேன்"னுட்டார். மகள் என்னைப் பார்த்தா. நான் வானத்தைப் பார்த்தேன். பக்கத்துக் கார்க்கார தாடிக்காரர் தன்கிட்ட ஒண்ணு உபரியா இருக்குன்னு எடுத்து வந்து அவரே மாட்டிவிட்டார். காசு வேண்டாம்னுட்டார், அதனால நானும் மறுக்கலை. முதல் ஓட்டத்துல பச்சை விளக்கு விழுந்ததும் மலிவு ஆக்சில் படக்குன்னு ஒடிஞ்சது, நல்லது மட்டும் தள்ளுச்சு, நேரா போக வேண்டிய கார் திரும்பி என்னையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவ இறங்கி, ஒடிஞ்ச துண்டைக் கையில வச்சுக்கிட்டு, "ரெண்டும் வேற வேறயா இருக்கேப்பா?"ன்னா. சராசரின்னு ஆரம்பிச்சேன், முடிக்கலை. காரோட பழைய ஆக்சிலை, சாமான் ஏத்தி வந்த வேன்லேந்து தேடி எடுத்து ரெண்டு மணி நேரம் அவளே மாட்டினா.

ரெண்டாவது ஓட்டம் நல்லாத்தான் கிளம்புச்சு மாப்பிள்ளை. பாதி தூரம் நேரா போச்சு, நான் கைகூடத் தட்டிட்டேன். அப்புறம் பாத்திரக்கடை சரிஞ்ச மாதிரி ஒரு சத்தம். ஷாஃப்ட் உடைஞ்சுபோச்சு. பூவை அறுத்தெடுத்த இடத்துலதான். உடைஞ்ச முனை அவ சீட்டுக்கு அடியில தகட்டை ஒரு சாண் மேல தள்ளியிருந்துச்சு, அதுக்கு மேல ஏறவிடாம வளையம் பிடிச்சு வச்சிருந்துச்சு. அவ ஒரு கீறல் இல்லாம இறங்கி வந்தா. அந்த வளையத்துக்கு தாடிக்காரர் காசு கேட்டிருந்தா, வேற இடத்துல விசாரிச்சுட்டு வரேன்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்றேன். அதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. உங்க அத்தை, "அவ உசிரைத் தவிர உங்களுக்குக் குறைச்சு வாங்க வேற எதுவுமே கிடைக்கலையா?"ன்னு கேட்டா. லைசன்ஸ் போச்சு. மகள் நாலு நாளா என்கூடப் பேசலை.

ஆகவே தாங்கள் எனக்காக அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து மறு தேர்வு இருக்கிறதாம். இனி அந்தக் காருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பட்டியலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நல்ல கையில் ஒப்படைக்கவும். தங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராதிருக்க ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பின்குறிப்பு: பட்டியல் இத்துடன் இல்லை. உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மனைவி வந்து எதிரே நின்றாள். "சாமான் எல்லாம் நீங்கதாம்ப்பா வாங்கணும். ஆனா பக்கத்துல இன்னொரு சீட் போடப் போறேன். முதல் வெள்ளோட்டத்துல அதுல நீங்க உட்காரணும்"னா. நாலு நாள் கழிச்சு வாயைத் திறந்தாளேங்கிற சந்தோஷத்துல சரின்னுட்டேன். அப்புறம் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு பட்டியலை வரி வரியாப் படிச்சேன். பதினோராவது வரியில, உங்க கையெழுத்துல, "போல்ட் எட்டு, சாதாவே போதும்"னு இருக்கு. போதுமா? யாருக்குப் போதும்? என் பொண்ணு உட்கார்ற வண்டியில இப்படிக் கஞ்சத்தனம் பண்ண உங்களுக்கு எப்படி மாப்பிள்ளை மனசு வந்துச்சு?