நாலு மணியோடு சோலி முடிந்தது

வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு குடும்பத்தோடு கொஞ்சம் இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் உண்டு. தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஊருக்கு எழுதித் தெரிவிக்காதீர்கள். நான் தெரிவித்தேன். அன்று சாயங்காலமே எனக்கு மாலை வந்துவிட்டது.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் இருபது வருடமாக நான் மேனேஜர். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மலையிலிருந்து ஜீப்பில் காய் வந்தால் இறக்க வேண்டும், எடை போட வேண்டும், சல்லடையில் சலித்துப் பெரிய காய், சின்னக் காய் என்று பிரிக்க வைக்க வேண்டும். காய் ஆயும் பெண்களுக்குள் சண்டை வந்தால் விலக்கிவிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். நான் இல்லாவிட்டால் மலையில் இருக்கிற காயெல்லாம் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். (இப்படி ஒரு நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரே ஸ்டூலில் இருபது வருடம் உட்கார முடியாது.)

அந்த ஸ்டூலை முதலில் ஆட்டியவள் என் மகள் யாழினி. மூன்றாம் வகுப்பு. பள்ளியில் 'என் அப்பா' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதியது இது: 'என் அப்பா பெயர் செல்வராசு. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார். ஏலக்காய் வாசம் அடிப்பார். பிறகு தூங்குவார்.' அதோடு சரி. ஐந்தாவது வரிக்கு என்னிடம் சரக்கில்லை போலிருக்கிறது.

டீச்சர் என் மனைவி மல்லிகாவைக் கூப்பிட்டு, "ஒங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை பாக்குறாராம்மா?" என்று விசாரித்திருக்கிறார்.

"உள்ளூருதான் டீச்சர். தெப்பக்குளம் தாண்டி ரெண்டாவது தெரு" என்றாளாம் மல்லிகா.

இதை அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பிள்ளைக்கு வாரம் ஒருமுறை வரும் விருந்தாளியாகிவிட்டேனே என்று உறைத்தது. அந்த ஐந்தாவது வரியை எப்படியாவது சம்பாதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து, கோட்டுப் போட்ட ஒருவர் போனில் ஒரு வீடியோவில் வந்து 'ஒர்க் லைஃப் பேலன்ஸ்' என்று பத்து நிமிடம் பேசினார். அதை மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றேன். முதலாளியை ஊரில் ராவுத்தர் என்பார்கள். நல்ல மனிதர். ஆனால் வீடு என்பது தொழுகைத் தொப்பியை மாட்டி வைக்க ஆணி அடித்த இடம் என்பது அவர் கருத்து.

"முதலாளி, மனுசனுக்கு ஒர்க் லைஃப் பேலன்ஸ் சரியா இருக்கணும்."

"போன மாசந்தானப்பா தராசுக்கு முத்திரை போட்டுட்டு வந்தோம்? அதுக்குள்ள என்ன கோளாறு?"

"தராசு இல்ல முதலாளி, என் வாழ்க்கை" என்று ஆரம்பித்து, மகளின் நாலு வரியையும் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"சரி, ஒரு மாசம் நாலு மணிக்குப் போய்ப் பாரு. ஆனா ஒண்ணு. ஒன்னால ஒரு நா கடை ஸ்தம்பிச்சாலும் பழையபடி ஒம்பது மணிதான்."

என் மகளின் ஐந்தாவது வரி இப்போது இந்த ஒரு மாதத்தில் தொங்கியது. வாயை மூடிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் எனக்கு அறிவிப்புச் செய்ய ஆசை. மலை எஸ்டேட்காரர்கள் ஆறு மணிக்கு மேல்தான் போனில் கூப்பிடுவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? 'பணி நேர மாற்றம் குறித்து' என்று தொடங்கி இலக்கணச் சுத்தமாக ஒரு பக்கம் எழுதி, எடை போடும் முருகேசனிடம் காட்டினேன்.

"அண்ணே, இத குரங்கணி மலையில ஒருத்தரும் படிக்க மாட்டாக. நம்ம பேச்சுல வெரசா நாலு வரி போடுங்க."

சுருக்கினேன். கடைசியில் நின்றது இது:

'அனைவருக்கும் அறிவிப்பு. நம்ம கடை செல்வராசுக்கு இன்று மாலை நாலு மணியோடு சோலி முடிந்தது. இனி அவர் நம்பருக்கு யாரும் கூப்பிட வேண்டாம். காய் விசயமாக முருகேசனிடம் பேசவும். இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கு நன்றி.'

'இன்று முதல் தினமும்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். சுருக்கிய வேகத்தில் அந்த 'முதல் தினமும்' பறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சோலி என்றால் வேலை. வேலை முடிந்தாலும் சோலி முடிந்தது என்போம். ஆள் முடிந்தாலும் அதையேதான் சொல்வோம். இருபது வருடம் காயில் கல் பொறுக்கியவன் கண்ணுக்கு இந்தக் கல் படவில்லை.

வெறும் எழுத்தாக இருக்கிறதே என்று ஒரு படமும் சேர்த்தேன். இருபது வருட உழைப்பைப் பாராட்டி முதலாளி எனக்கு ஏலக்காய் மாலை போட்டபோது எடுத்தது. மாலையும் கழுத்துமாக, கண்ணை அரைவாசி மூடிக் கைகூப்பி நிற்பேன். வாட்ஸ்அப்பில் கடைக்காரர்கள் குழு, ஜீப்பு டிரைவர்கள் குழு, சொந்தக்காரர்கள் குழு மூன்றிலும் தட்டிவிட்டுச் சரியாக நாலு மணிக்குப் போனை அணைத்தேன். (அணைத்துத்தான் வைக்க வேண்டும் என்று கோட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.)

வீட்டுக்குச் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று அசத்த வேண்டும் என்று திட்டம். போனால் வீடு பூட்டிக் கிடந்தது. யாழினிக்கு ஆறு மணிவரை டியூஷன், மல்லிகா அவள் கூடவே போய் உட்கார்ந்திருப்பாள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து மாவு மில்லில் சாவி வாங்கித் திறந்தேன். மல்லிகாவின் போன் சார்ஜரில் கிடந்தது. சாயங்கால வெயில் என் வீட்டுச் சுவரில் எங்கே விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்புறம் என்ன செய்வது என்று கோட்டுக்காரர் சொல்லவில்லை. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்தேன். மில் இரைச்சல் தாங்காமல் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டேன். வேலை நாளில் பகல் தூக்கம், இருபது வருட பாக்கி. கட்டையாகக் கிடந்தேன்.

இதற்கிடையே வெளியே நடந்ததைப் பிற்பாடு பலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். மலைமேல் எஸ்டேட் ஒன்றிலிருந்து மலையாளத்துக்காரர் ஒருவர், கடையில் யாரோ என் போனிலிருந்து போட்ட சாவுச் செய்தி என்று நினைத்து, அவர் பாஷையில் 'ஆதராஞ்சலிகள்' என்று அஞ்சலி போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கைகூப்பியிருக்கிறார்கள். சிலமலை ஊரிலிருக்கும் மச்சான் என் நம்பருக்கு அடித்தால் அணைந்திருக்கிறது, மல்லிகாவுக்கு அடித்தால் எடுப்பாரில்லை. உடனே கடைக்கே போன் போட்டு, "எப்ப எடுக்குறாக?" என்று கேட்டிருக்கிறார். மாவு மில்காரர் தன் பங்குக்கு, "நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்தாரு. அப்பவே மொகம் சரியில்ல" என்று தெருவுக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

எனக்கு விழிப்பு வந்தது ராசிங்காபுரம் பேச்சியம்மா அத்தையின் குரலில். ஒப்பாரியில் கைதேர்ந்தவர். எட்டு ஊரில் அழுத அனுபவம். பஞ்சைத் தாண்டி அந்தக் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"காதுகுத்துக்குக் கூப்புட்டோம், காய் வருதுன்னு சொன்னியே... வளைகாப்புக்குக் கூப்புட்டோம், வண்டி வருதுன்னு சொன்னியே... எங்க தேவை எதுக்கும் எட்டிப் பாக்காத எஞ்சாமி..."

எல்லாம் நிஜம். ஒன்றைக்கூட மறுக்க முடியாது. யாருக்காகவோ அழுகிறார்கள், பாவம், அந்த ஆளும் என்னைப் போலத்தான் இருந்திருப்பான் என்று தூக்கத்திலேயே இரக்கப்பட்டேன். குரங்கணி டிரைவர் ஒருவர், "தங்கமான மனுசன். எடையில மட்டும் கொஞ்சம் கறாரு, நூறு கிராம் விடமாட்டாரு" என்றதும் லேசாகக் கேட்டது. அத்தை அடுத்த அடியை எடுத்தார்.

"லோடு வருது லோடு வருதுன்னு லோலோன்னு அலைஞ்சியே... இன்னைக்கி ஒன்னைய லோடு ஏத்தப் போறாகளே..."

லோடு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், படக்கென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"எத்தனை மூடை?"

அத்தை அப்படியே சாய்ந்தார். டிரைவர் நின்ற இடத்தில் செருப்பு மட்டும் கிடந்தது. வாசலில் ஒரு கூட்டமே தெருவுக்கு ஓடியது. அந்தக் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு மல்லிகா உள்ளே வந்தாள். கைப்பிடியில் யாழினி. மல்லிகாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த என்னைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தடவினாள். பிறகு அதே கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"நாலு மணிக்கு நீங்க வீட்ல இருக்கீகன்னு சொன்னாக. அதக் கேட்டதுமே நானும் நம்பிட்டேங்க" என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவள் எனக்காக அப்படி அழுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் என்றைக்கு வீட்டில் இருந்தேன்?

யாழினி மட்டும் நிதானமாக இருந்தாள். என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?"

பதில் சொல்வதற்குள் முதலாளி வந்துவிட்டார். ஆளுயர ரோசாப்பூ மாலை, பின்னால் முருகேசன், அவன் பின்னால் காய் ஆயும் பெண்கள் பத்துப் பேர். என்னைப் பார்த்ததும் முதலாளி மாலையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதெல்லாம் ஒரு நிமிடம்தான்.

"எலே முருகேசா! மெசேசு ஒனக்குத் தெரிஞ்சுதானடா போட்டான்?"

"தெரியும் முதலாளி. ஆனா சொந்தக்காரகளே எப்ப எடுக்குறாகன்னு கேட்டா நான் என்னத்த நெனக்க? பழக்கமில்லாத ஓய்வு, அண்ணனுக்கு ஒடம்பு தாங்கலன்னு நெனச்சிட்டேன்."

நான் பயந்துகொண்டே, "கடை?" என்றேன்.

"பூட்டிட்டேன். வாப்பா காலத்துல இருந்து இருட்டு முன்ன பூட்டாத கடைய ஒன்னால பூட்டிட்டேன்."

ஒரு மாதக் கெடு முதல் நாளிலேயே முடிந்தது, என் ஐந்தாவது வரியும் அதோடு போயிற்று என்று தலையைத் தொங்கப்போட்டேன். இருந்தாலும் பழக்கதோசம், "நாலரைக்கு ரெண்டு ஜீப்பு காய் வரணுமே, அது?" என்று வாய் கேட்டுவிட்டது.

"எறக்கி, எடை போட்டு, சலிச்சு, மூடை தைச்சாச்சுண்ணே" என்றான் முருகேசன்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சேகால்."

நாங்கள் ஒன்பது மணிவரை செய்கிற வேலை அது. முதலாளி முருகேசனைப் பார்த்தார். முருகேசன் சுவரைப் பார்த்தான். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். முதலாளி தாடியைத் தடவ ஆரம்பித்தார்.

"ஏப்பா, எழவுக்குப் போகணும்னா அஞ்சேகாலுக்கு முடியுது. வீட்டுக்குப் போகணும்னா மட்டும் ஒம்பது மணி ஆகுதா?"

தாடியிலிருந்து கையை எடுத்தார்.

"நாளையிலருந்து எல்லாருக்கும் அஞ்சேகால். செல்வராசு, ஒனக்கும் அதேதான். நாலு மணி கெடையாது. நாலு மணிக்கு அனுப்புனா நீ செத்துப்போயிர்ற."

நான் இல்லாமல் எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முருகேசனைத் தனியாகக் கேட்டேன். "நீங்க இல்லாததாலதாண்ணே" என்றான். அதற்குமேல் அவனிடம் விவரம் கேட்கவில்லை.

இப்போதும் எங்கள் கடையில் ஐந்து மணி ஆனதும், "ஏ ஆத்தா, செல்வண்ணன் எழவுக்கு நேரமாச்சு, வெரசா கையப் போடுங்க" என்று பெண்கள் ஒருவரையொருவர் விரட்டிக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பேச்சியம்மா அத்தை எந்த விசேசத்தில் என்னைக் கண்டாலும், "ஒன் பாட்டு பாதியில நிக்குது அப்பு" என்று நினைவுபடுத்துவார். (இப்போது எல்லா விசேசத்துக்கும் போகிறேன். போகாமல் முடியுமா? அழ வந்தவர்கள் வீடு.)

யாழினி நாலாம் வகுப்புக்குப் போனாள். அங்கேயும் அதே 'என் அப்பா', அதே ஐந்து வரி. நோட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். இந்தத் தடவை ஐந்து வரியும் இருந்தது.

'என் அப்பா தினமும் சாயங்காலம் வருவார். ஏலக்காய் வாசம் அடிப்பார். என்னோடு கேரம் விளையாடித் தோற்பார். அவர் ஒருமுறை இறந்துவிட்டார். அன்றிலிருந்துதான் வீட்டுக்கு வருகிறார்.'

கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'கட்டுரையில் உண்மையை மட்டும் எழுதவும். பெற்றோர் பார்த்துக் கையொப்பம் இடவும்.'

பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.