முதல் பந்திக்கு நான் வாதாடி வென்ற கதை

என் மேடை வாழ்வில் நான் தோற்ற சொற்போர் என்று ஒன்று கிடையாது. இதைத் தற்பெருமை என்று கொள்வோர் கொள்ளலாம். கோப்பைகள் இன்றும் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, வந்து எண்ணிக்கொள்ளலாம். ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். தோல்வியால் என் குடும்பத்துக்கு ஒரு நாளும் கேடு வந்ததில்லை. வந்த கேடு அனைத்தும் நான் வென்றதால் வந்தது. அவற்றுள் தலையாயது எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் மாதத்தில், கொங்கணக் கடலில் நிகழ்ந்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தாராவியில் வீடு, மாட்டுங்காவில் கல்லூரி. ஏழு நிமிடம் கொடுத்தால் எந்தக் கட்சியையும் நிலைநாட்டுவேன். மறுநாள் அழைத்தால் எதிர்க்கட்சியையும் நிலைநாட்டுவேன். என்னை உருவாக்கியவர் அப்பா. துறைமுகக் கிடங்கொன்றில் எழுத்தராக இருந்த அவர், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோதே என்னை ஸ்டூலின் மேல் நிறுத்தி, "குரல ஏத்து, கைய வீசு, எதிராளி வாயத் தொறக்க எடம் குடுக்காத" என்று மூன்று பாடங்கள் நடத்தினார். மூன்றாம் பாடத்தில் நான் ஆசானை மிஞ்சினேன்.

அந்த ஆண்டு ஏப்ரலில் என் அக்கா மல்லிகாவுக்கு மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் திருமணம் நடந்தது. அத்தான் செம்பூர்க்காரர். தந்தையை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய பெரியப்பா. செம்பூரில் இரும்புக் கடை வைத்திருந்த அவரைப் 'பெரிய மாமா' என்று அழைப்போம். முதல் பந்தியில், தலை இலையில், நாற்பது பேர் பார்க்க அமர்ந்திருக்க வேண்டியவர் அவர். அன்று அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்தி நிரம்பியிருந்தது. சுவரோரம் நின்று காத்திருந்து, இரண்டாம் பந்தியில், போட்டோ எடுக்க வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு சொல் சொல்லவில்லை. அன்றோடு என் அப்பாவிடமும் ஒரு சொல் பேசவில்லை.

எட்டு மாதம்! அப்பா செம்பூருக்குப் போனால் பெரிய மாமா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்து, "வந்தவங்களுக்கு டீ குடுங்க" என்பார். அப்பாவும் காலண்டருக்கு நன்றி சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். தவறு எப்படி நேர்ந்தது என்பது யாருக்கும் விளங்கவில்லை. அப்பா சமையல்காரரைச் சொன்னார். சமையல்காரர் மண்டபத்து மேனேஜரைச் சொன்னார். இடையில் நசுங்கியவள் அக்கா.

அப்போதுதான் ஒரு கப்பல் கம்பெனி (பெயர் வேண்டாம், அவர்கள் மீது குற்றமே இல்லை) விடுமுறைப் பயணம் ஒன்றை அறிவித்தது. பம்பாயிலிருந்து கோவா போய்த் திரும்ப நான்கு நாள். வழியில் சிறு துறைமுகங்களில் நங்கூரமிட்டுப் பயணிகளைக் கரைக்கு அழைத்துப்போவார்கள்.

"நாலு நாளு ஒரே கப்பல்ல இருந்தா எங்க போயிருவாவ?" என்றார் அப்பா. "அங்கன காலண்டரும் இருக்காது."

பெரிய மாமா ஒரே ஒரு காரணத்துக்காக இசைந்தார். கப்பல் நிற்கும் ஊர்களில் ஒன்றில் குன்றின் மேல் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. அத்தானுக்குச் சிறு வயதில் கடுங்காய்ச்சல் கண்டபோது, மாலைத் தீபாராதனையில் தேங்காய் உடைப்பதாக அந்தப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம். இருபது ஆண்டுகளாக உடைபடாத வேண்டுதல். செம்பூரிலிருந்தே தேங்காயை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார்.

ஒரு காலை வேளையில் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், பெரிய மாமா, நான் என ஆறு பேரும் கப்பலேறினோம். ஏறியதும் ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு அமர்வுகள்: முதலாவது ஆறு மணிக்கு, இரண்டாவது ஏழரைக்கு. எங்கள் அட்டைகளில் இருந்தது 'இரண்டாம் அமர்வு'.

அப்பா அந்த அட்டையைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"ரெண்டாம் பந்தி" என்றார். குரல் காற்றாக வந்தது. "ஏட்டி கலா, திரும்பியும் ரெண்டாம் பந்திடீ."

அக்கா என் கையைப் பிடித்தாள். "பெரிய மாமாவுக்குத் தெரியதுக்குள்ள ஏதாவது செய்யி. இதுக்கும் மொகஞ் சுண்டிச்சுன்னா, நீங்கள்லாம் தாராவிக்குப் போயிருவிய. செம்பூர்ல போயி இருக்க வேண்டியவ நான்."

ஒரு பேச்சாளருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டுமா? துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பர்சர் அறைக்கு நடந்தேன். (கப்பலில் பயணிகளின் தேவைகளைக் கவனிக்கும் அதிகாரி பர்சர், கோவாக்காரர், நரைத்த மீசை, கனிந்த முகம். பாவம்.)

"சார், எங்களை முதல் அமர்வுக்கு மாற்ற வேண்டும்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

"மிஸ், இரண்டாவதுதான் உங்களுக்கு—"

"எங்களுக்கு எது உகந்தது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா?" குரலை ஏற்றினேன்.

"கரைக்குப் போகிறவர்களுக்கு—"

"கரை அல்ல இங்கே கேள்வி! கௌரவமே கேள்வி!" கையை வீசினேன். மேசையிலிருந்த பேனா உருண்டு விழுந்தது.

விருந்தோம்பலின் மாண்பு, மூத்தோரை முன்னிறுத்தும் பண்பு, முதலில் உண்பவனுக்கும் பின்னர் உண்பவனுக்கும் இடையே உலகம் வகுத்திருக்கும் வேறுபாடு என அடுக்கினேன். அவர் மூன்று முறை வாய் திறந்தார். மூன்று முறையும் அடைத்தேன். கதவருகே கூட்டம் கூடிவிட்டது. இறுதியில் அவர் பெருமூச்சு விட்டு, ஆறு அட்டைகளையும் வாங்கி, முதல் அமர்வு என்று திருத்திக் கொடுத்தார். கூட்டத்தில் ஒருவர் கைகூடத் தட்டினார்.

அன்று மாலை ஆறு மணிக்குப் பெரிய மாமா மேசையின் தலைப்பக்கத்தில் அமர்ந்தார். சுற்றிலும் கைக்குழந்தைக்காரர்களும், கப்பலை விட்டு இறங்கும் எண்ணமே இல்லாத முதியவர்களும் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. அவர் உப்புக் குப்பியைப் பார்த்து, "சூப்பு நல்லாத்தான் இருக்கு" என்றார். காலண்டரிலிருந்து உப்புக் குப்பி! எட்டு மாதத்தில் இது பெரும் முன்னேற்றம். அப்பா என்னைப் பார்த்துக் கண்கலங்கினார்.

மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் கண்டேன்: 'கோயில், கோட்டைப் பயணம். படகு புறப்பாடு மூன்று மணி. தீபாராதனை ஆறு மணி. கப்பலுக்குத் திரும்புதல் ஏழு மணி.' நான் போராடிப் பெற்ற முதல் பந்தியும் ஆறு மணிக்கு. தீபாராதனைக்கு நின்றால் பந்தி போயிற்று. பந்திக்கு வந்தால் தேங்காய் உடையாது. இரண்டாம் அமர்வில் எங்களுக்கிருந்த பழைய இடங்களை அதற்குள் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தவறிவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு வென்ற அணி மன்னிப்புக் கேட்பதை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? காகிதம் எடுத்துத் திட்டம் தீட்டினேன். கோட்டையை விடுவது, நான்கு மணிக்கே தேங்காயை உடைப்பது, ஐந்து மணிக்குத் தனிப்படகு, ஐந்தே முக்காலுக்குக் கப்பல். நிமிடம் பிசகாத திட்டம்.

கோயில் நடை சாத்தியிருந்தது. வாயிலில் துண்டை விரித்துப் படுத்திருந்த பூசாரி, ஐந்தரைக்குத்தான் திறப்போம், தேங்காயெல்லாம் தீபாராதனையின்போதுதான் என்றார். நான் நெறிமுறைகளின் நெகிழ்ச்சி குறித்துப் பேசத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். (எதிரணி உறங்கிய போட்டி தோல்விக் கணக்கில் வராது.)

"இருந்து கும்பிட்டுட்டே போவோமே" என்றாள் அம்மா.

"பந்தி?" என்றார் அப்பா. அந்த ஒற்றைச் சொல்லில் எட்டு மாதத்து அச்சமும் இருந்தது.

"கோவாவிலும் கோயில்கள் உண்டு" என்று அறிவித்தேன். பெரிய மாமா தேங்காய் முடிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குன்றிறங்கினார். யாரையும் பார்க்கவில்லை, தேங்காயையும் பார்க்கவில்லை.

துறையில் ஒரு மீன்படகுக்காரர் கிடைத்தார். கடலைக் காட்டித் தலையாட்டினார். "பானி உதர் ரஹா ஹை, பஹன்ஜி. அபி ஜாயேகா தோ—"

தண்ணீர் வடிந்தால் என்ன, மனித முயற்சி வடியலாமா என்று இந்தியில் கேட்டேன். என் இந்தி தாராவிச் சந்தில் கற்றது. ஆனால் வேகம் குறையாதது. அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. படகைத் தள்ளினார்.

பாதி வழியில் படகு மெல்ல உரசி நின்றது. நீர் எங்களைச் சுற்றி விலகிப் போய், ஒரு மணல்திட்டு முதுகு காட்டி எழுந்தது. அதன் உச்சியில் நாங்கள் ஆறு பேர், ஒரு படகு, படகுக்காரர். படகுக்காரர் நிதானமாக பீடி பற்றவைத்து என் எதிரே குந்தினார்.

"அப் போலோ, பஹன்ஜி" என்றார். "பஹுத் டைம் ஹை." (இப்போது பேசுங்கள், நேரம் நிறைய இருக்கிறது.)

நான் வாழ்வில் முதன்முறையாகப் பேசவில்லை.

சூரியன் இறங்கியது. தொலைவில் கப்பலில் விளக்குகள் ஏற்றப்பட்டன. சரியாக ஆறு மணிக்கு, முதல் அமர்வுக்கான மணி கடல் மீது தெளிவாக ஒலித்தது. அதே நொடியில் கரையில், குன்றின் மேல், கோயில் மணியும் ஒலித்தது. பந்தி ஒரு பக்கம், பிள்ளையார் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே சேற்றில் நாங்கள். அக்கா சத்தமின்றி அழுதாள். அத்தான் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பெரிய மாமா எழுந்தார். செருப்பைக் கழற்றி மணலில் இறங்கினார். குன்றின் மேல் அசைந்த தீபத்தை நோக்கிக் கைகூப்பி நின்றார். பின்னர் மஞ்சள் துணியை அவிழ்த்து, படகின் நங்கூரத்தில் ஓங்கி ஒரே அடி. தேங்காய் சரிபாதியாக உடைந்தது.

அப்பாவும் இறங்கினார். ஒரு சில்லைப் பெயர்த்து, இரண்டு கையாலும் பெரிய மாமாவிடம் நீட்டினார்.

"மொத பந்தி, சம்மந்தி" என்றார். "ஒங்களுக்குத்தான்."

பெரிய மாமா அந்தச் சில்லைப் பார்த்தார். பிறகு, எட்டு மாதத்தில் முதன்முறையாக, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாங்கி மென்றார்.

"சம்மந்தி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இந்தப் பிள்ளைக்குப் பேசக் கத்துக் குடுத்தது யாரு?"

"நாந்தான்" என்றார் அப்பா, குற்றவாளியைப் போல.

"நிப்பாட்டக் கத்துக் குடுக்கலியோ?"

அத்தானுக்குச் சிரிப்பு வெடித்தது. பெரிய மாமாவோ நிறுத்தவில்லை. "கல்யாணத்தன்னைக்கு இவ மேடையில வாழ்த்துப் பேசுனாள்லா? பந்திக்குக் கூப்பிடுதாங்கன்னு நான் எந்திரிக்கேன். 'இறுதியாக ஒன்று'ங்கா. சின்னப்புள்ள ஆசையாப் பேசுது, பாதியில எந்திரிச்சா மனசு ஒடஞ்சுருமேன்னு உக்காந்தேன். அப்பொறம் நாலு 'இறுதியாக' சொல்லிட்டா சம்மந்தி! எல்லாவனும் போய்ப் பந்தியில உக்காந்துட்டான். கடேசி வரைக்கும் கேட்டவன் நான் ஒருத்தன்."

எட்டு மாதமாகச் சமையல்காரரையும் மேனேஜரையும் சந்தேகித்துக்கொண்டிருந்த என் குடும்பம் மொத்தமும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா சம்மந்தி?" என்றார் அப்பா.

"புள்ளை பேச்ச கொற சொன்னா நீங்க தாங்கமாட்டியன்னு விட்டேன். அது போவட்டும். கைகழுவையில வந்து 'சாப்டியளா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியளா நீங்க?"

"மொகத்தப் பாக்கப் பயந்து ஒளிஞ்சு நின்னேன்" என்றார் அப்பா.

இருவரும் மணலில் அருகருகே அமர்ந்து, தேங்காயைத் தின்றுகொண்டே, நீர் ஏறும் வரை என்னைப் பற்றிப் பேசினார்கள். இவ்வளவு ஒருமித்த கருத்தை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. கரையிலிருந்து திரும்பிய கப்பல் படகு தொலைவில் கடந்தது. கூவி அழைத்தோம். உல்லாசமாக இருக்கிறோம் என்று நினைத்து அவர்களும் பதிலுக்குக் கூவிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் கப்பலை அடைந்தபோது இரண்டாம் அமர்வும் பாதி கடந்திருந்தது. ஏணியின் உச்சியில் பர்சர் நின்றார்.

"மிஸ், நேற்று தொடங்கியதை இப்போது முடிக்கலாமா?" என்று பணிவுடன் கேட்டார். "இரண்டாம் அமர்வு கரைக்குப் போகிறவர்களுக்காக வைத்தது. கேப்டனும் அதில்தான் சாப்பிடுவார். அவருக்கு அடுத்த மேசையை உங்கள் பெரியவருக்காக ஒதுக்கியிருந்தேன்."

அன்று கப்பல் ஊழியர்களின் கூடத்தில், அவர்களோடு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். மூன்றாம் பந்தி என்று அதற்குப் பெயர் வைத்தவர் பெரிய மாமா. மறுசோறு வாங்கியவரும் அவரே.

அந்தக் கடற்பயணத்தால் இரு குடும்பங்கள் இணைந்தன என்றால், அதற்கு முழுக் காரணம் நானே. இதை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. பறிக்க முயலாமலும் இல்லை. இன்றும் எங்கள் குடும்பத் திருமணங்களில் நான் ஒலிபெருக்கியைத் தொட்டதும் அக்கா ஒரு பையுடன் எழுவாள். வரிசை வரிசையாக எல்லார் கையிலும் ஒரு தேங்காய்ச் சில்லு வைத்துவிட்டு அமர்வாள். யாரும் உடனே தின்பதில்லை, காத்திருப்பார்கள். நான் "இறுதியாக" என்று சொன்ன கணத்தில் மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் கடிக்கும் ஓசை எழும்.

பெரிய மாமாவுக்கு இப்போது பல் இல்லை. முன்வரிசையில் சில்லைக் கையில் பிடித்தபடி, நான்காவது 'இறுதியாக' வரை அசையாமல் இருப்பார். பந்திக்கு அழைக்க வருபவர்களிடம், "நீங்க போங்க. இவ முடிச்சதும் நாங்க மூணாம் பந்தியில உக்காந்துக்கிடுதோம்" என்பார்.