மஞ்சப்பைக்குள் கத்திய அலாரம்

"அட்வான்ஸை மெதுவாக் குடுங்க, அலாரத்தை மட்டும் கழட்டக்கூடாதுங்க" என்று சொல்லி வீடு வாடகைக்கு விட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். குமாரபாளையத்து அலாரத்தண்ணன்.

அவருடைய லைன் வீடுகள் ஆறு. ஆறிலும் கூரையில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒன்று, பேட்டரியில் ஓடுவது. புகை வந்தாலும் கத்தும், வாசமே இல்லாமல் ஆளை முடிக்கும் கார்பன் மோனாக்சைடு வந்தாலும் கத்தும். ஒயரே கிடையாது, ஆனால் ஒன்று கத்தினால் ஆறும் கத்தும். "தறிச் சத்தத்துல ஒத்த அலாரம் யாருக்குங்க கேக்கும்? அத்தனை ஊட்டுலயும் கத்துனாத்தான் ஒறைக்கும்" என்பார்.

வெள்ளிக்கிழமை முதல் வீட்டில் சாம்பிராணி போட்டால் கடைசி வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழும். அங்கே குடியிருந்த நான் மிளகாய் வறுத்தால் லைனுக்கே தெரியும். தாளிக்கும்போது அலாரத்துக்குக் கீழே நின்று துண்டால் விசிற ஓர் ஆள் வேண்டும். என் கணவர் அதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, அலாரமா நாங்களா என்று எல்லோரும் சேர்ந்து கேட்டுவிட்டோம். அண்ணன் முகம் வாடிவிட்டது. மாதக் கடைசியில் கழற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டார். கடைசி வீட்டு சரசுவுக்கு அதுவரைகூடப் பொறுமை இல்லை. தன் வீட்டு அலாரத்தைப் பழைய சேலையில் சுற்றி, மஞ்சப்பையில் திணித்து, பின்கட்டு ஆணியில் மாட்டிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கொட்டும் மழை, கரண்டும் இல்லை. திடீரென்று எங்கள் ஐந்து வீட்டிலும் அலறல். யாரும் அடுப்பே பற்றவைக்கவில்லை. அண்ணன் நனைந்துகொண்டே ஓடிவந்தார். முதலில் மோப்பம் பிடிக்கும் அலாரத்தில்தான் சிவப்பு விளக்கு எரியும். ஐந்திலும் எரியவில்லை.

"அப்ப சரசு ஊடுதானுங்க" என்றவர், போய்க் கதவை உதைத்தே திறந்துவிட்டார்.

கரண்ட் போனால் ஓட்ட வைத்திருந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் நனையாமலிருக்க அதைப் பின்கட்டுக்குள் இழுத்து வைத்து ஓடவிட்டு, சாரலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தாள் சரசு. அது கக்கிய கார்பன் மோனாக்சைடு வீடெல்லாம் நிறைந்திருந்தது. அவளும் மகளும் கட்டிலில் மயங்கிக் கிடந்தார்கள். வெளியே தூக்கிவந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் இருவரும் கண் விழித்துப் பேசினார்கள்.

திரும்பி வந்து அண்ணன் மஞ்சப்பையைப் பிரித்தார். "வாயக் கட்டிப் போட்டும் கத்தியிருக்குது பாருங்க" என்று அலாரத்தைத் தடவிக்கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

வீடு திரும்பிய சரசு, அதைக் கட்டிலுக்கு நேர் மேலேயே மாட்டச் சொன்னாள். மல்லிகைச் சரம் சுற்றி, கற்பூரம் காட்டினாள். அவ்வளவுதான், ஆறும் சேர்ந்து அலறின. அன்று ஒருவரும் துண்டைத் தேடவில்லை. கல்யாண வீட்டு மேளத்தைக் கேட்பதுபோல் நின்று கேட்டோம். அண்ணன் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

இப்போது நாங்கள் சேலத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் கொண்டுவந்து மாட்டிய அலாரம் கூரையில் இருக்கிறது. மிளகாய் வறுத்தால் கத்துகிறது. அவ்வளவு தூரம் அவருக்குக் கேட்காதே என்று, நானே போன் போட்டுக் கேட்க வைக்கிறேன்.