வெள்ளையாய்ப் போன ஐரோப்பா

எங்கள் லக்சம்பர்க் மாதாமேல் ஆணை. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்று நான் மோசல் ஒயினைத் தொடவுமில்லை. அடுத்த மேசையில் உட்கார்ந்து இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

காலையிலேயே மால்டா மக்கர் செய்தது.

மருந்து, விமானம், கணினிச் சில்லு போன்ற உயர் தொழில்நுட்பத் தொழில்களில் எந்த நாடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று ஒப்பிடும் அட்டவணை மறுநாள் எங்கள் ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து வெளியாக வேண்டும். தயாரித்தவள் துலிக்கி, பின்லாந்துக்காரி, குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவள். சரியாகப் போனால் வேலை நிரந்தரம், பிசகினால் பெட்டியைக் கட்டலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அன்று மாடி முழுக்க அமைதி. பின்லாந்துக்காரிக்கு அமைதியைப் பார்த்துச் சந்தேகம் வராது. நாகரிகம் என்றுதான் நினைப்பாள்.

மால்டா நாட்டுப் புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து கார்மெனு தொலைபேசியில் வந்தார். "மகளே, எங்க ஊர்ல அந்தத் தொழில்ல இருக்கிறது ஒரே கம்பெனி. நீ எண்ணைப் போட்டா, அந்த மனுஷன் என்ன சம்பாதிக்கிறான்னு மீன்காரிக்குக்கூடத் தெரிஞ்சிடும். சட்டப்படி மறைச்சிடு."

மறைத்தாள். திரையில் இருந்த வரைபடத்தில் மால்டா வெள்ளையானது. ஆனால் மொத்தத்திலிருந்து மற்ற நாடுகளைக் கழித்தால் மால்டா வெளியே வந்துவிடுமே? துணைக்கு சைப்ரஸையும் மறைத்தாள்.

உடனே சைப்ரஸ் தலைநகர் நிகோசியாவிலிருந்து அந்த்ரூலா என்ற அதிகாரி கூப்பிட்டார். சிவனே என்று கிடந்தவர்களை ஏன் இழுத்தாய் என்று தொடங்கி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "மறைஞ்சது நாங்க ரெண்டு பேர்தானே? மால்டாக்காரன் தன் எண்ணைக் கழிச்சுட்டா எங்களது பல்லிளிக்கும். இன்னொருத்தரையும் சேர்த்து மறை."

எஸ்தோனியாவை மறைத்தாள். பால்டிக் நாடுகளின் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுத்தது. லாத்வியாவை மறைத்தாள். லாத்வியாவுக்காக லித்துவேனியா. ஒரு ஓட்டையை அடைக்கப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்த கதைதான். வெளியே அல்செட் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து, ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிக்கொண்டு வந்தது.

நல்ல பெண். மறைத்ததை நேரில் சொல்லிவிடலாம் என்று அதே மாடியில் வேலை பார்க்கும் எஸ்தோனியக்காரரின் அறைக்குப் போனாள். காலி. லித்துவேனிய அறையும் காலி. ஸ்பெயினை மறைத்த பிறகு தாழ்வாரத்தில் நின்று காதுகொடுத்தாள். ஸ்பெயின்காரர்கள் நால்வரும் இருமக்கூட இல்லை.

ஜெர்மனியை மறைத்துவிட்டு ஜெர்மானியரின் அறையை எட்டிப் பார்த்தாள். மாலை ஐந்து மணிக்கு முன் இருக்கையைவிட்டு எழுந்தறியாத டிட்மார் அங்கே இல்லை. நாற்காலி மட்டும் மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளியிருந்தது. மறையும்போதும் ஜெர்மானியர் ஜெர்மானியரே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தான் எண்களை மட்டும் மறைக்கவில்லை. ஓடிவந்து ஜெர்மனியைத் திரும்பப் போட்டாள். அதைக் கொண்டு பிரான்ஸைக் கண்டுபிடிக்கலாம் என்று கணினி எச்சரித்தது. பிரான்ஸ் போனது. கூடவே பெல்ஜியம். ஜெர்மனியும் மறுபடி போனது.

எங்கள் லக்சம்பர்க் வெளுத்தபோது எனக்குக் காது லேசாக அடைத்தது. பிறகு நானும் மறைந்தேன். மறைந்தபின் மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. மீதியை இன்னும் தெளிவாகவே பார்த்தேன்.

கடைசியில் கண்டம் முழுக்கப் பால்போல் வெள்ளை. பின்லாந்து மட்டும் நீலமாய் மிதந்தது. கணினி தானாகவே தரவரிசை போட்டது: உயர் தொழில்நுட்பத்தில் முதலிடம், பின்லாந்து. கடைசி இடம், பின்லாந்து.

துலிக்கி முகத்தை மூடிக்கொண்டாள். பின்லாந்துக்காரி உலகத்தை அழித்ததைக்கூடத் தாங்குவாள்; தன் நாடு முதலிடம் என்று தானே அறிவிப்பதைத் தாங்கமாட்டாள். வேலை போனால் போகட்டும், மனிதர்கள் திரும்பி வந்தால் போதும் என்று படிகளில் இறங்கி ஓடினாள்.

வாசலில் காவலர் அர்லிந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். போர்ச்சுகல்காரர்.

அவள் மூச்சுவாங்க நின்றாள். "போர்ச்சுகலையும் நான் மறைச்சுட்டேனே, நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"மத்தவங்க எல்லாரும் எங்க?"

அவர் ஒரு சுளையை அவளிடம் நீட்டினார்.

"இன்னைக்கு மே ஒன்பது, ஐரோப்பா தினம், நம்ம ஆபீசுக்கு லீவு. காலையிலேருந்து உங்களைத் தவிர இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு ஈ காக்கா நுழையல மேடம்."