நாலு மைன் இருந்த தலை

தன் மண்டையைச் சர்வே செய்து எல்லை போட்டுக்கொண்ட மனிதர் இந்தக் கர்நாடக மாநிலத்திலேயே ஒருவர்தான். அவர் இருப்பது தங்கவயலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில். மைன்ஸ் என்று நாங்கள் சொல்லும் தங்கச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் சர்வே ஆபீசில் அளவுச் சங்கிலி பிடித்தவர் என்பதால் அவர் பெயர் சர்வேயர். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மைன்ஸை மூடியபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்ததாம். சில வருஷத்தில் அது காதோரத்துக்கு ஒதுங்கிவிட்டது. வேறு யாராவது என்றால் தொப்பி வாங்கியிருப்பார்கள். சர்வேயர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பால்பாயிண்ட் பேனாவால் மண்டையை நான்காகப் பிரித்தார். பாகத்துக்கு ஒரு மைன் பெயர். முன்னால் இடப்பக்கம் சாம்பியன் ரீஃப். அங்கே மருந்துக்கடை லோஷன். வலப்பக்கம் நந்திதுர்க், அதற்கு வெங்காயச் சாறு. பின்னால் இருந்த ஊரிகத்துக்குச் சந்தையில் வாங்கிய மூலிகை எண்ணெய். மிச்சமிருந்த மைசூர் மைனுக்கு ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைச் சும்மா போட்டுவைக்க வேண்டுமாம்.

காலையில் குழாயடியில் விசாரிப்பார்கள்.

“இன்னா சர்வேயரே, எந்த மைன்ல தங்கம் கீது?”

“சாம்பியன்ல லேசா தெரியுது. நந்திதுர்க்குல வாசனை மட்டும்தான்.”

கேலி செய்தவரே கொஞ்ச நேரத்தில் குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தன் தலையைக் குனிந்து காட்டுவார். சர்வேயர் நிதானமாகப் பார்ப்பார். ஆனால் எந்தத் தலைக்கும் அவர் சொல்லும் காரணம் ஒன்றே: சயனைடு மேடு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் எங்கள் ஊரில் குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் சாப்பாட்டுத் தட்டு வரை வரும். இருமலிலிருந்து மாமியார் சண்டை வரை எல்லாப் பழியையும் அந்த மேட்டின் மேல் போடுவது இங்கே வழக்கம். சர்வேயர் முடியையும் சேர்த்துக்கொண்டார். காற்று நாளில் பழைய மைன்ஸ் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். உள்ளே வியர்த்து நான்கு மைன்களும் ஒன்றாகக் கலந்ததை அவர் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் மாலதிக்கு முடி கொட்டத் தொடங்கியது. எங்கள் லைன் பெண்; தினம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருபவள். டெங்கு வந்து, தேறி, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. எங்கள் ஊரிலேயே ஸ்கெலட்டன் என்ற பகுதியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நேரம். பெங்களூரில் ஏதோ ஒரு முடி மையத்தில், வேர் செத்துவிட்டது, நட்டால்தான் உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். மாலதி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

சர்வேயர் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் ஈரத் துணி கட்டவைத்தார். வீடு இருட்டானது, முடி நிற்கவில்லை. பிறகு அவர் செய்ததைச் சாதாரணமாக யாரும் செய்யமாட்டார்கள். தன் தீர்ப்பின் மேல் தானே சந்தேகப்பட்டார். மாலதியை அவள் அம்மாவோடு கோலாரில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா மாலதியின் முடியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். தைராய்டு, ரத்தத்தில் இரும்புச் சத்து இரண்டையும் சோதிக்கச் சொன்னார். இரும்பு குறைவு என்று வந்தது.

“பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் இதுக்கெல்லாம் அப்புறம் இப்படிக் கொட்டும்மா. வேர் சாகல. மாத்திரை சாப்பிடு, ஒழுங்கா சாப்பிடு. சில மாசத்துல தானா வரும்.”

“சயனைடு மேடுங்களா?” என்றார் சர்வேயர்.

“அந்தத் தூசி மூச்சுக்குக் கெடுதல், மாஸ்க் போடுங்க. இது காய்ச்சலால.” பிறகு சர்வேயரின் தலையைப் பார்த்தார். கோடுகளையும் பார்த்தார். “உங்க அப்பாவுக்கு எப்படி?”

“அவருக்கும் மைதானம்தான்.”

“அப்ப இது பரம்பரை. லோஷன், முடி மெலிஞ்சு இன்னும் மிச்சமிருக்கிற இடத்துலதான் கேக்கும். நிறுத்தினா வந்ததும் போயிடும். பின்னாடி இருக்கிறத எடுத்து முன்னாடி நடலாம், அதுவும் எல்லாருக்கும் சரிப்படாது. நாலு மருந்தையும் ஒரே தலகாணியில வெச்சித் தூங்கினா, எது வேலை செஞ்சதுன்னு எப்படிங்க தெரியும்?”

 மறுநாள் காலை சர்வேயர் கோடுகளை அழித்துவிட்டுக் குழாயடிக்கு வந்தார். “இவ்ளோ வருஷமா நான் சொன்னது தப்பு. ஆளாளுக்கு வேற வேற காரணம் கீதாம். டாக்டராண்ட போய் காட்டுங்க.” பத்திரிகையில் வாழ்நாளைக் கழித்தவன் நான், எங்கள் மறுப்புச் செய்திகள் வரி விளம்பரத்துக்குக் கீழே வரும். இவர் ஊர் நடுவில் நின்று வாசித்தார்.

ஆனால் மாப்பிள்ளை வீட்டார் முடி வளரும் வரை காத்திருப்பார்களா? மாலதியின் அம்மா சவுரி வாங்கி நீளமாகப் பின்னிவிட்டார். பெண் பார்ப்பதற்கு முந்தின நாள் மாலதி சர்வேயரிடம் வந்திருந்தாள். “பொய்யோட போய் உக்கார மனசு இல்ல மாமா. அம்மா எதிர்ல சொல்ல வாயும் வரல.”

ஞாயிற்றுக்கிழமை. பௌத்தக் குடும்பம் என்பதால் மாலதி வீட்டில் புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி, அதன் கீழே விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் என்று சர்வேயரும் நானும் ஓரமாக இருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பின்னலைத் தூக்கிப் பார்த்தார்.

“எவ்ளோ அடர்த்தி. இன்னா எண்ணெய்மா?”

மாலதி சர்வேயரைப் பார்த்தாள்.

“அதுல பாதி கடையில வாங்குனதுங்க,” என்றார் சர்வேயர்.

மாலதியின் அம்மா கையில் காபித் தட்டு அப்படியே நின்றது. சர்வேயர் எழுந்தார்.

“மைன்ஸ்ல ஷிஃப்ட் இருந்திச்சில்ல, முடிக்கும் அப்டித்தான். முக்காவாசிக்கு மேல வேலையில இருந்தா கொஞ்சம் ஓய்வுல இருக்கும். டெங்கு வந்து நெறைய பேர ஒண்ணா ஓய்வுக்கு மேல அனுப்பிடுச்சு. அடுத்த ஷிஃப்ட் எறங்கிக் கீது, வெளிய தெரிய நாளாவும். டாக்டரம்மா சொன்னது, நானா சொல்லல.”

 மாலதி ஹேர்பின்களைக் கழற்றிச் சவுரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை காதுக்கு மேலிருந்து நெற்றி வரை முடியை இழுத்துச் சீவியிருந்தான். அதை விரலால் ஒதுக்கித் தலையைக் குனிந்தான். “அப்ப என்னுது எந்த ஷிஃப்ட்டுங்க?”

“உங்களுது வேற கேஸு தம்பி. அப்பாவ பாத்தாலே தெரியுது. இப்பவே டாக்டர பாருங்க. வெங்காயத்த கொழம்புல போடுங்க.”

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். “ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னாடி நின்னுட்டு வந்தான்ங்க இவன். இந்தப் பொண்ணு எடுத்து மடியில வெச்சிடுச்சு.” பிறகு மாலதியின் அம்மா பக்கம் திரும்பினார். “வர்ற பௌர்ணமிக்கு அப்புறம் பாத்து நாள் வெச்சிக்கலாங்க.”

அவர்கள் போனபின் சர்வேயர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். 

“அந்தப் பொண்ணு வாழ்க்கைய கெடுத்துட்டேனோன்னு இருந்திச்சுப்பா.”

கையைப் பிடித்துத் தூக்கி அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாலதி வீட்டுக்கு அடுத்த கதவுதான் அவர் வீடு. அவ்வளவு தூரத்துக்குத் துணை தேவையில்லை. கையை விட எனக்குத்தான் மனம் வரவில்லை.